கீபோர்டில் யாரும் தொடாத கீக்கள்: சேலத்தில் கணினி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டை மண்டியிலோ, அஸ்தம்பட்டிப் பக்கம் ஆடிட்டர் ஆபீசிலோ, ஏற்காட்டில் ஏதாவது காபி எஸ்டேட் அலுவலகத்திலோ இப்போதுதான் கணினி வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக. டைப்பிங் கிளாசில் எழுத்துக் கீக்களைச் சொல்லிக்கொடுப்பார்கள், கம்ப்யூட்டர் கிளாசில் வேர்டு, எக்செல் சொல்லிக்கொடுப்பார்கள். வலது பக்க மேல் மூலையில் இருக்கும் பிரின்ட் ஸ்க்ரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ் மூன்றையும், அதற்குக் கீழே இருக்கும் இன்சர்ட்டையும், ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் இருக்கும் ஆல்ட், மெனு கீக்களையும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலை பார்க்கும் இடத்தில் கேட்டால் "அதையெல்லாம் தொடாதே தம்பி" என்பதுதான் பதில்.

எனக்கும் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு கீயையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு கடையில் நன்றாக இருந்த கீபோர்டைப் "போயிடுச்சு" என்று சொல்லிப் புதிது மாட்டிக் காசு வாங்கியதும் நடந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ளதை எல்லாம் உங்கள் கணினி முன்னால் உட்கார்ந்தபடி செய்து பார்க்க ஒரு சாயங்காலம் போதும், முதல் எட்டுப் படிகளுக்குப் பைசா செலவில்லை.

1. உங்கள் கீபோர்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெஸ்க்டாப் கீபோர்டு என்றால் பெரும்பாலும் 104 கீ இருக்கும், நான் மேலே சொன்ன எல்லாமும் அதில் உண்டு. லேப்டாப் என்றால் பாதி இருக்காது, அல்லது எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தும்படி வேறு கீயின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். திங்க்பேட் லேப்டாப்களில் பலவற்றில் எழுதியும் இருக்காது, ஆனால் எஃப்என் உடன் கே அழுத்தினால் ஸ்க்ரோல் லாக், பி (B) அழுத்தினால் பிரேக். 2024-க்கு அப்புறம் வந்த சில லேப்டாப்களில் மெனு கீ இருக்க வேண்டிய இடத்தில் கோபைலட் கீ வந்துவிட்டது.

போனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒன்று கீபோர்டு முழுவதும் தெரிகிற மாதிரி, இன்னொன்று அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒரு வருடத்தில் தேய்ந்துவிடும். வாரன்டி கேட்கப் போகும்போதும், லேப்டாப் கீபோர்டு மாற்ற வேண்டி வந்தாலும் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

2. "கீபோர்டு கெட்டுவிட்டது" என்று முடிவு செய்யும் முன் பத்து நிமிடம்

இந்தப் படிதான் முக்கியம். பழுது என்று கடைக்கு வரும் பல கீபோர்டுகளில் பழுதே இருக்காது, ஏதாவது ஒரு லாக் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் அறிகுறி: எழுத்து அடித்தால் எண் வருவது. தனி எண் பகுதி இல்லாத பழைய லேப்டாப்களில் நம் லாக் (Num Lock) விழுந்துவிட்டால் ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3 ஆகிவிடும், யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகிவிடும், எம் பூஜ்யம் ஆகும். மற்ற எழுத்துகள் பெரும்பாலும் சரியாக வரும். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் காலையில் கணினியைத் திறந்தவுடன் "பாஸ்வேர்டு தவறு" என்றே வந்துகொண்டிருக்கும், பார்க்கிறவர்கள் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். எஃப்என் உடன் நம் லாக்கை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரானது டெஸ்க்டாப்பில் நடக்கும். நம் லாக் அணைந்திருந்தால் எண் பகுதியில் 7 அடித்தால் ஹோம், 8 அடித்தால் மேல் அம்பு. குச்சிக்கிழங்கு லோடு எடையை வேகமாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது எண் விழாமல் கர்சர் மட்டும் எங்கேயோ ஓடும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசி கீபோர்டில் 83 கீதான், அம்புக் கீக்கள் தனியாக இல்லை. எண்ணுக்கும் அம்புக்கும் ஒரே கீக்கள் என்பதால்தான் இந்த லாக் தேவைப்பட்டது. பிறகு தனி அம்புகள் வந்தும் லாக் அப்படியே தங்கிவிட்டது.

இரண்டாவது அறிகுறி எக்செல்லில். அம்புக் கீயை அழுத்துகிறீர்கள், பச்சைக் கட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் ஷீட் முழுவதும் நகர்கிறது. நான்கைந்து முறை அழுத்தியதும் நீங்கள் இருந்த கட்டமே கண்ணில் இருந்து மறைந்துவிடுகிறது, அங்கே ஏதாவது அடித்தால் ஷீட் சடாரென்று பழைய இடத்துக்குத் தாவுகிறது. இது ஸ்க்ரோல் லாக் வேலை. அந்தக் கீ உருவான நோக்கமே இதுதான், அம்பு கர்சரை நகர்த்தாமல் திரையை நகர்த்த வேண்டும் என்பது. இன்று அதை இன்னமும் மதிக்கிற புரோகிராம்கள் மிகக் குறைவு, எக்செல் அதில் ஒன்று. கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் இருந்தால் ஒருமுறை தட்டுங்கள். லேப்டாப்பில் அந்தக் கீயே இல்லை என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரையில் ஒரு கீபோர்டு வரும், அதில் ஸ்க்ரோல் லாக்கை மவுசால் கிளிக் செய்தால் போதும். எக்செல்லின் அடிப்பட்டையில் வலது கிளிக் செய்து ஸ்க்ரோல் லாக் என்பதை டிக் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை விழும்போது அங்கேயே எழுதிக் காட்டும்.

மூன்றாவது, நடுவில் ஒரு எழுத்து சேர்க்கப் போனால் அடுத்த எழுத்தைத் தின்றுகொண்டே போவது. இன்சர்ட் கீ பட்டுவிட்டது. டெலிட்டுக்கும் பேக்ஸ்பேசுக்கும் பக்கத்திலேயே இருப்பதால் கை தவறிப் படும். மறுபடி ஒருமுறை தட்டினால் சரி. வேர்டில் இந்தத் தொல்லை பொதுவாக அணைத்தே இருக்கும், இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீசில் அப்படி இல்லை. விண்ணப்பம், பட்டா விவரம், உயில் வரைவு போன்றவற்றை லிபர் ஆபீசில் அடிப்பவர்கள் அடிப்பட்டையில் ஓவர்ரைட் என்று இருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், சர்வே எண்ணில் ஒரு இலக்கம் இப்படிக் காணாமல் போனால் படித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நான்காவதுதான் ஆளை ரொம்பப் பயமுறுத்துவது. எந்தக் கீயை அழுத்தினாலும் எழுத்தே விழாது, அழுத்திப் பிடித்தால் மட்டும் விழும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்துக்கொண்டிருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி கிளம்பும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது, தெரியாமல் விழுந்தால்தான் சிக்கல். கணினி ஒரு கேள்வி கேட்கும், எதையும் படிக்காமல் என்டர் தட்டினால் ஓடத் தொடங்கிவிடும். மறுபடி வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் நிற்கும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் இதே வகை.

இது நான்கும் இல்லை என்றால் மேலே சொன்ன திரைக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜக் கீக்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தும் கீ திரையில் நிறம் மாறினால் அந்தக் கீ உயிரோடு இருக்கிறது. மாறாத கீ மட்டும்தான் பழுது. பக்கத்து டேபிளில் இருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டை வாங்கி மாட்டிப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி சேலம் வந்து திரும்பினால் அன்றைய வேலையில் பாதி போய்விடும்.

3. லாக் விழுந்தால் சத்தம் வரும்படி செய்யுங்கள்

நம் லாக்கை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், டாகிள் கீஸ் என்ற வசதி கேட்கும், சரி என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் எது விழுந்தாலும் ஒரு ஒலி வரும், எடுத்தால் வேறு ஒலி. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக வந்தது, தாளைப் பார்த்து அடிப்பவர்கள் எல்லோருக்கும் உதவும். லாக் விளக்குகளே இல்லாத கீபோர்டுகள் இப்போது நிறைய வருகின்றன, அவற்றில் இது இல்லாமல் முடியாது.

4. டாலி பார்ப்பவர்கள் எஃப்என் லாக்கைச் சரிசெய்யுங்கள்

டாலியில் தேதி மாற்ற எஃப் 2, பேமென்ட்டுக்கு எஃப் 5, சேல்ஸுக்கு எஃப் 8, பர்ச்சேஸுக்கு எஃப் 9. புது லேப்டாப்பில் எஃப் 8 அழுத்தினால் சேல்ஸ் வராது, வெளிச்சம் குறையும் அல்லது சத்தம் ஏறும். தொழிற்சாலையில் இருந்தே அப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள். பல லேப்டாப்களில் எஃப்என் உடன் எஸ்கேப் கீயைச் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும், எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான். அப்படி இல்லை என்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் துவங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டும். எச்பியில் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்றும், லெனோவோவில் ஹாட்கீ மோட் என்றும் இருக்கும், அதை அணைத்துச் சேமித்து வெளியே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயாஸில் வேறு எதையும் தொட வேண்டாம். அலுவலகக் கணினி என்றால் முதலாளியிடமோ கணினி பார்க்கும் ஆளிடமோ வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிட்டு, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு செய்யுங்கள். பிறகு கணினியில் எது நடந்தாலும் கடைசியாகத் தொட்டது நீங்கள்தான் என்ற பேச்சு வரும், அந்த ஒரு வரி அப்போது கைகொடுக்கும்.

5. பிரின்ட் ஸ்க்ரீனை ரசீதுக்குப் பயன்படுத்துங்கள்

ஆன்லைனில் கட்டணம் கட்டுகிறீர்கள், பணம் போய்விட்டது, ரசீது பக்கம் வரும் முன் நெட் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் மலை மேல் இது அடிக்கடி நடக்கும். திரையில் பரிவர்த்தனை எண் தெரிந்த அந்த நொடியில் படம் எடுத்து வைத்திருந்தால் பிறகு பேசுவதற்குக் கையில் ஒன்று இருக்கும். விண்டோஸ் கீயோடு பிரின்ட் ஸ்க்ரீனை அழுத்துங்கள், படம் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் தானாகச் சேமிக்கப்படும், ஒட்டவோ பெயர் வைக்கவோ தேவையில்லை. கட்டண வேலைக்கு இதைத்தான் பழகிக்கொள்ளச் சொல்வேன்.

ஆல்ட் உடன் அழுத்தினால் முன்னால் இருக்கும் ஜன்னல் மட்டும் கிளிப்போர்டில் ஏறும். கீழே டாஸ்க்பாரில் திறந்து கிடக்கும் மற்ற வேலைகள் தெரியாது என்பதால் வாடிக்கையாளருக்கு அனுப்ப இதுதான் நல்லது. வெறும் பிரின்ட் ஸ்க்ரீனை அழுத்தினால் இப்போதைய விண்டோஸ் 11-ல் ஸ்னிப்பிங் டூல் திறக்கும், பழையபடி நேராகக் கிளிப்போர்டுக்குப் போக வேண்டுமானால் செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அணைத்துவிடலாம்.

இங்கே இருக்கும் பொறி: அடுத்தவருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்தப் படங்களில் கிடக்கும். பொதுக் கணினியில் வேலை பார்ப்பவர்கள் மாலை கிளம்பும்போது அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுப் போங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. இன்னொன்று, போர்ட்டலில் பதிவேற்றக் கேட்கும் ஆவணத்துக்கு ஸ்க்ரீன்ஷாட்டைக் கொடுக்காதீர்கள். எழுத்து மங்கி, விண்ணப்பம் திரும்பி வரும். ஆவணத்தை ஸ்கேன் செய்துதான் கொடுக்க வேண்டும், ஸ்க்ரீன்ஷாட் நம் கைக்காவலுக்கு மட்டும்.

6. பாஸ், பிரேக், சிஸ்ரெக்: நெட்டும் கணினியும் நிற்கும்போது

சாதாரண நாளில் இவை உங்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் வேறு எதுவும் உதவாது.

நெட் வந்து வந்து போகிறது, கம்பெனிக்குப் போன் செய்தால் "இங்கே லைன் சரியாத்தான் இருக்கு" என்கிறார்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, சின்னத் தகவல் பாக்கெட்டுகளை அனுப்பித் திரும்புகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையை இடைவிடாமல் ஓடும்படி மைனஸ் டி (-t) சேர்த்துக் கொடுங்கள், அரை மணி நேரம் ஓடட்டும். நடுவில் கன்ட்ரோலும் பிரேக்கும் (பாஸ் கீதான் பிரேக்கும்) சேர்த்து அழுத்தினால் இதுவரை எத்தனை பாக்கெட் போனது, எத்தனை திரும்பவில்லை என்று கணக்குக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடும். கன்ட்ரோல் சி அழுத்தினால் கணக்குக் காட்டி நின்றுவிடும். அந்தக் கணக்கைப் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள், வாய்ப்பேச்சுக்கு இல்லாத மரியாதை அதற்கு உண்டு. கமாண்ட் திரை வேகமாக ஓடும்போது பாஸ் கீ அப்படியே நிறுத்தும், வேறு கீ தட்டினால் தொடரும். எக்செல் மேக்ரோ முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும் நிறுத்தக் கன்ட்ரோல் பிரேக்தான். விண்டோஸ் கீயோடு பாஸ் அழுத்தினால் ராம், பிராசசர், விண்டோஸ் பதிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பழைய கணினி வாங்கப் போகும்போது கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு நொடி வேலை.

சிஸ்ரெக் (SysRq) என்பது 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கீபோர்டில் தனிக் கீயாக இருந்து, பிறகு பிரின்ட் ஸ்க்ரீனோடு ஒட்டிக்கொண்டது. விண்டோஸில் அதற்கு வேலை இல்லை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் உண்டு. அரசு கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு: கணினி முழுதாக உறைந்துவிட்டால் பவர் பட்டனைப் பிடித்து அணைக்கும் முன் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்க்ரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (S, U, B) மூன்றையும் சில விநாடி இடைவெளி விட்டு வரிசையாக அழுத்துங்கள். எஸ் நினைவில் இருப்பதை டிஸ்கில் எழுதும், யு டிஸ்கைப் பாதுகாப்பாகப் பூட்டும், பி மறுபடி துவக்கும். உபுன்டுவில் இந்த மூன்றும் தொடக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டிருக்கும், மற்ற சில லினக்ஸ்களில் நாம்தான் திறந்துவிட வேண்டும். நீங்கள் கடைசியாகச் சேமித்த பிறகு அடித்தது போகத்தான் செய்யும், ஆனால் டிஸ்கில் இருக்கும் மற்ற ஃபைல்கள் சிதையாமல் தப்பும்.

7. மெனு கீயும், ரூபாய்க் குறிக்கு வலது ஆல்ட்டும்

மெனு கீ மவுசின் வலது கிளிக். விண்டோஸ் 95 காலத்தில் விண்டோஸ் கீயோடு சேர்ந்து வந்தது, கீபோர்டு 101-லிருந்து 104 கீ ஆனது அப்போதுதான். கீ இல்லாதவர்கள் ஷிஃப்டும் எஃப் 10-ம் சேர்த்து அழுத்தலாம். எக்செல்லில் ஃபார்முலாவை விட்டு எண்ணை மட்டும் ஒட்ட, காப்பி செய்துவிட்டு மெனு கீ, அப்புறம் வி. நாள் முழுக்க ஸ்டேட்மென்ட் தயாரிப்பவர்களுக்கு இது ஒன்றே பெரிய மிச்சம்.

மவுஸ் திடீரென்று செத்துப்போனால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி மவுஸ் கீஸைக் கிளப்புங்கள். எண் பகுதியில் 4, 6, 8, 2 அழுத்தினால் அம்புக்குறி நகரும், 5 அழுத்தினால் கிளிக். மெதுவாகத்தான் நகரும், ஆனாலும் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு எழுந்து போக அது போதும்.

இனி ₹. பில்லில் ரூ. என்று அடிப்பவர்கள், வேறு எங்கிருந்தோ குறியை எடுத்து ஒட்டுபவர்கள் எல்லோருக்கும்: செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டைச் சேருங்கள், ஐந்து நிமிடம் ஆகும். அதன் பிறகு வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 4 அழுத்தினால் ₹ வரும். இங்கிலீஷ் அமெரிக்கா கீபோர்டில் வராது, பெரும்பாலான கணினிகளில் அதுதான் இருக்கிறது, "கீபோர்டில் குறி போட்டிருக்கு, அடிச்சா வரலை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கீயின் மேல் அச்சடித்தால் மட்டும் வராது, விண்டோஸும் அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வேர்டில் 20B9 என்று அடித்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினாலும் வரும். 2010-ல் அரசு ஏற்றுக்கொண்ட இந்தக் குறியை வரைந்த உதயகுமார் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், அதனாலேயே எனக்கு இதைச் சரியாக அடிக்க வேண்டும் என்று தோன்றும்.

இரண்டு பொறிகள். பாமினி மாதிரியான பழைய தமிழ் ஃபான்ட்களில் ₹ இல்லை, அச்சில் கட்டமாகவோ வேறு உருவமாகவோ போய்விடலாம், அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் யுனிகோட் ஃபான்ட் கொடுங்கள். எக்செல்லில் எண்ணுக்கு முன்னால் கையால் ₹ அடிக்காதீர்கள். கணினியின் பிராந்தியம் இந்தியா என்று அமைத்திருக்காவிட்டால் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், கூட்டல் போட்டால் அந்த வரி சேராது. எண்ணை மட்டும் அடித்துவிட்டு ஃபார்மட்டில் குறியைச் சேருங்கள்.

8. வேலை இல்லாத கீக்கு வேலை கொடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்

மைக்ரோசாப்ட்டின் பவர்டாய்ஸ் இலவசம், விண்டோஸின் ஸ்டோரிலேயே கிடைக்கும். அதில் கீபோர்டு மேனேஜர் என்ற பகுதியில் எந்தக் கீ அழுத்தினால் எது நடக்க வேண்டும் என்று மாற்றலாம், ஒன்றுமே நடக்காமலும் செய்யலாம். எக்செல்லிலேயே வாழ்பவர்கள் முதலில் ஸ்க்ரோல் லாக்கை அணையுங்கள், லிபர் ஆபீஸ்காரர்கள் இன்சர்ட்டை. நான் கேட்டால் புதிதாக வருபவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நாலைந்து மாதம் கழித்து வேண்டுமானால் மேலே போகலாம். கோபைலட் கீக்கு விண்டோஸ் செட்டிங்ஸிலேயே வேறு வேலை கொடுக்கும் வசதி வந்திருக்கிறது.

பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் மாற்றம் இருக்கும், பாஸ்வேர்டு கேட்கும் திரையில் இருக்காது. நிரந்தரமாக வேண்டும் என்றால் ஷார்ப்கீஸ் என்ற இலவசப் புரோகிராம் உண்டு. அது விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதுவதால் அட்மின் அனுமதி வேண்டும், ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வேலை செய்யும், அந்தக் கணினியில் உட்காரும் எல்லோருக்கும் மாறும். ஷிஃப்ட் மாறி மாறி உட்காரும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பாஸ் கீயை இந்த வழியில் மாற்ற முடியாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். 83 கீ காலத்தில் பாஸ் என்று தனிக் கீ இல்லை, கன்ட்ரோலும் நம் லாக்கும் சேர்ந்த அழுத்தல்தான் பாஸ். இன்றைய தனிக் கீயும் உள்ளுக்குள் அந்த ஜோடியின் குறியீட்டைத்தான் வேறு முன்குறியோடு அனுப்புகிறது, ரெஜிஸ்ட்ரி மாற்றம் அதைப் பிடிப்பதில்லை.

தமிழில் அடிப்பவர்களுக்கு லினக்ஸில் ஒரு அருமையான வழி இருக்கிறது. க்னோம் ட்வீக்ஸ் என்ற புரோகிராமில் கீபோர்டுப் பகுதிக்குள் போனால், தமிழுக்கு மாறியிருக்கும்போது ஸ்க்ரோல் லாக் விளக்கு எரியும்படி ஒரு தேர்வு இருக்கும். மெனு கீயையே மொழி மாற்றும் கீயாக வைத்துக்கொள்ளவும் அதே இடத்தில் வழி உண்டு. ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைத்து நான்கு வரி தமிழில் கொட்டிவிட்டு அழிக்கும் வேலை மிச்சம். சிஸ்டத்திலேயே இருக்கும் தமிழ்நெட் 99 தளவமைப்பைச் சேர்த்தால்தான் விளக்கு எரியும், ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகச் சேர்த்ததற்கு எரியாது. விண்டோஸில் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் போதும்.

9. வாங்க வேண்டியே வந்தால்

படி 2 எல்லாம் செய்த பிறகும் கீ நிறம் மாறவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். சாதாரண யுஎஸ்பி கீபோர்டு 400-லிருந்து 700 ரூபாய்க்குள் கிடைக்கும். நாள் முழுக்க எண் ஏற்றுபவர்கள் டிவிஎஸ் கோல்டு பாரத் போன்ற மெக்கானிக்கல் கீபோர்டைப் பாருங்கள், மூவாயிரம் பக்கம் வரும், எல்லாக் கீயும் முழு அளவில் தனித்தனியாக இருக்கும், ₹ குறியும் அச்சடித்திருக்கும். லேப்டாப் கீபோர்டு மாற்ற, மாடலைப் பொறுத்து ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு வரை கேட்பார்கள். ஸ்டாக் இருந்தால் அன்றைக்கே, வரவழைக்க வேண்டுமானால் சில நாள் ஆகும். அதுவரை ஒரு யுஎஸ்பி கீபோர்டை மாட்டி ஓட்டலாம்.

ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். கீபோர்டுக்கு 18 சதவீதம், "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள், அதை ஏற்காதீர்கள், பில் இல்லாமல் வாரன்டி இல்லை. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். வெயிலில் இருந்தால் சில மாதத்தில் அந்த பில் தாள் வெளுத்துப்போகும் வகை என்பதால் அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். தண்ணீர், டீ கொட்டியதற்கு வாரன்டி பொருந்தாது. மலை மேல் இருப்பவர்கள் இரவில் கீபோர்டை ஒரு துணியால் மூடி வையுங்கள், பனிமூட்டம் அறைக்குள் இறங்கும் மாதங்களில் கீக்கு அடியில் ஈரம் கோர்க்கும், ஒரு கீ மட்டும் தானாக இரண்டு முறை விழத் தொடங்குவது அதன் முதல் அடையாளம்.

ஐந்து ரோடு பக்கம் கடைக்குப் போவதென்றால் வார நாள் காலையில் போங்கள், சனிக்கிழமை சாயங்காலம் போனால் சோதித்துப் பார்க்க இடமும் இருக்காது, கடைக்காரருக்குப் பொறுமையும் இருக்காது. காசு கொடுக்கும் முன் அங்கேயே ஒரு கணினியில் மாட்டச் சொல்லித் திரைக் கீபோர்டைத் திறந்து எல்லாக் கீயையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எழுத்துக் கீக்களை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் இன்சர்ட், ஸ்க்ரோல் லாக், மெனு கீ, வலது ஆல்ட், எண் பகுதியின் என்டர் ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். லேப்டாப் என்றால் கழற்றிய பழைய கீபோர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கொடுத்து மாற்றியது என்றால் அது உங்களுடையதுதான்.